பார்க்க மட்டும் அனுமதி

திவ்யா போன வாரம் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. போடிநாயக்கனூரில் எங்கள் டிரஸ்ட் மண்டபத்தில் நான் ஓய்வு பெற்று எழுந்த நாற்காலியில் இப்போது மேனேஜராக உட்கார்ந்திருப்பவள் அவள். கெட்டிக்காரப் பெண். வந்த கொஞ்ச நாளிலேயே மண்டபத்துக் காலண்டரைச் சுத்தம் செய்யக் கிளம்பிவிட்டாள்.

"மேடம், இதுல யார் யாருக்கு எடிட் இருக்குன்னு பாத்தேன், தலை சுத்துது. சமையல் மாஸ்டருக்கு இருக்கு, ஜெனரேட்டர்காரருக்கு இருக்கு. உங்களுக்குத்தான் இல்ல. அப்புறம் பரமசிவம்னு ஒருத்தர். அவரு இறந்தே போயிட்டாராமே? அந்தப் பேரை எடுத்துரலாமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. எழுதிப் பார்த்தால் தெளியும் என்று மகள் சொன்னாள். எனக்கு எதை எழுதியும் தெளிந்ததாக ஞாபகம் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் மண்டபத்தைச் சொல்லிவிடுகிறேன். மாடியில் மேல் ஹால், தரையில் கீழ் ஹால். தெருவைப் பார்த்து ஒரே வாசல், ஒரே படிக்கட்டு. பின்னால் சமையல்கட்டு, விறகும் சிலிண்டரும் இறக்க அதற்கு ஒரு பின்வாசல். மேல் ஹாலில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு. கீழ் ஹாலில் ஏலக்காய் விவசாயிகள் கூட்டம், கண் பரிசோதனை முகாம், கருமாதிச் சாப்பாடு.

இங்கே நான் டைப்பிஸ்டாகத்தான் வந்தேன். அப்போதிருந்த மேனேஜர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். வந்தவரை உட்கார வை, தண்ணீர் கொடு, எந்தத் தேதி வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும், நீ முந்திக்கொண்டு வாயைத் திறக்காதே. அவர் போன பிறகு அந்த நாற்காலிக்கு ஆள் தேடினார்கள். தேடிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவர் வேலையை நான் பார்த்தேன். கடைசியில் தேடுவதை மறந்துவிட்டார்கள். நான் மேனேஜர் ஆனது இப்படித்தான்.

அந்தக் காலத்தில் தேதிகளெல்லாம் ஆபீஸ் சுவரில் இருந்த கரும்பலகையில் இருந்தன. மேல் ஹாலுக்கு ஒரு வரி, கீழ் ஹாலுக்கு ஒரு வரி. நல்ல காரியத்துக்குச் சிவப்புச் சாக்பீஸ், மற்றதற்கு வெள்ளை. சாக்பீஸ் டப்பா என் மேசை இழுப்பறையில், அதன் சாவி என் இடுப்பில். பலகையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எழுதுவது நான் மட்டும். தேதி கேட்டு வந்தவர்கள் வாசல் பிள்ளையார் முன்னால் வெற்றிலை பாக்குப் பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தால்தான் எழுதுவேன். அதற்கு முன்னால் யார் அவசரப்படுத்தினாலும் சாக்பீஸைத் தொடமாட்டேன். பிள்ளையாரிடம் போய்த் திரும்புவதற்குள் பாதிப் பேருக்கு மனசு மாறும். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார்கள். எத்தனையோ தகராறு அந்த வாசலோடு தீர்ந்திருக்கிறது.

பலகையில் எழுதாத வழக்கம் இரண்டு இருந்தது. மண்டபத்தில் ஒரு நாள் என்பது மத்தியானத்தில் தொடங்கி மறுநாள் மத்தியானம் முடியும். வியாழக்கிழமை முகூர்த்தம் என்றால் புதன்கிழமை சாயங்காலம் பெண் அழைப்பு, அப்போதே மண்டபம் அவர்கள் கையில். இன்னொன்று, மேலே சிவப்பு இருக்கும் நாளில் கீழே கருமாதிக்கு வெள்ளை விழாது. ஒரே வாசலில் மணப்பெண்ணும் துக்க வீட்டாரும் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்று போடியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

இனி எங்கள் செயலாளர். தங்கமான மனிதர். அந்தத் தங்கத்தோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. யாரிடமும் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. யாராவது ஏதாவது கேட்டு வந்தால் கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியால் ஒரு பக்கம் துடைப்பார், மறு பக்கம் துடைப்பார். அவர்கள் சொல்லி முடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அதுக்கென்ன, செஞ்சிருவோம்" என்பார். வந்தவர் சந்தோஷமாகப் போவார். அவர் தெருமுனை திரும்பியதும், "ராணி, அது முடியாது போல இருக்கே, நீ பக்குவமா சொல்லிரு" என்பார். இத்தனை வருஷமும் அவருடைய 'இல்லை' எல்லாம் என் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போனது. ஊரில் அவருக்கு நல்ல பெயர், எனக்குக் கடுகடுப்புக்காரி என்று பெயர்.

பலகைக்குப் பதில் போனிலேயே காலண்டர் வந்தது செயலாளரின் மருமகன் கார்த்தியால். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன். ஒரு விடுமுறைக்கு வந்தவன் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரே நாளில் எல்லார் போனிலும் மண்டபத்தை ஏற்றிவிட்டான். எடிட் என்றால் எழுதலாம், மாற்றலாம், அழிக்கலாம். வியூ என்றால் பார்க்கலாம், அத்தோடு சரி. டிரஸ்டிகளுக்கு எடிட், ஊழியர்களுக்கு வியூ என்று பிரித்தான். ஊழியர் என்று இருந்தது நானும் வாட்ச்மேனும்.

எனக்கு அது புரியவே இல்லை. தேதி கண்ணுக்குத் தெரிகிறது. விரலை வைத்து அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. போன்தான் கெட்டுவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போனு நல்லாத்தான்க்கா இருக்கு, ஒங்களுக்குத்தான் அனுமதி இல்ல" என்றார். செயலாளரிடம் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்து, "அதுக்கென்ன ராணி, குடுத்துருவோம்" என்றார். கொடுக்கவில்லை. இரண்டாவது முறை கேட்க எனக்கு ரோஷம்.

அதே சமயம் கேட்ட மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்தார். சமையல் மாஸ்டர் கேட்டார், கிடைத்தது. பந்தல்காரர் கேட்டார், கிடைத்தது. ஒருநாள் மேல் ஹாலில் இருந்த ஒரு வளைகாப்பைக் காணோம். விசாரித்தால் பந்தல்காரர், "அன்னைக்கு எனக்குத் தேனியில வேற சோலி இருக்குக்கா. என்னால வர ஏலாது, அதான் எடுத்துவிட்டேன்" என்கிறார். தனக்கு முடியாத நாளில் ஊரில் யாரும் விசேஷம் வைக்கக் கூடாது என்று அந்த மனிதர் மனதாரவே நம்பினார். சமையல் மாஸ்டர் ஒரு முகூர்த்தத்தையே தள்ளிப் போட்டிருந்தார். கேட்டால், "வெரசா எந்திரிக்க முடியலக்கா" என்று பதில்.

போன் காலண்டரில் நாள் நடுராத்திரியில் பிறப்பது இன்னொரு தலைவலி. வியாழக்கிழமைக் கல்யாணத்துக்குப் புதன்கிழமை காலியாகத் தெரியும். யாரோ ஒரு டிரஸ்டி புதன் சாயங்காலத்தை ஏலக்காய் விவசாயிகளுக்குக் கொடுத்துவிட்டார். மேல் ஹாலில் மைக்கில் ஒருவர் தண்டு துளைப்பானுக்கு என்ன மருந்து அடிப்பது என்று முழங்கிக்கொண்டிருக்க, மேளத்தோடு பெண் அழைப்பு படியேறி வந்துவிட்டது. விவசாயிகள் நல்லவர்கள். மைக்கை விட்டுக்கொடுத்துவிட்டுப் பன்னீர்ச் சொம்பை வாங்கித் தெளிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்குச் சிரித்துவிட்டேன். அடுத்து வந்தது சிரிக்கிற விஷயமில்லை.

செயலாளருக்கு அண்ணன் ஒருவர் இருந்தார். பரமசிவம் ஐயா. அவரும் டிரஸ்டி. மலை மேலே, போடிமெட்டு தாண்டி அவர்களுக்கு ஏலக்காய்த் தோட்டம். எனக்கு எடிட் இல்லாத குறையை ஓரளவு தீர்த்து வைத்தவர் அவர்தான். யாராவது தேதி கேட்டு வந்தால் அவருக்குப் போன் போட்டுச் சொல்வேன். "இரும்மா" என்பார். கொஞ்ச நேரத்தில் காலண்டரில் வந்துவிடும், பெயர், ஹால், நேரம் எல்லாம் ஒரு பிழை இல்லாமல். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கல்யாணப் பத்திரிகையையே தூரத் தள்ளிப் பிடித்துப் பார்க்கிற மனிதர், இதை மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாகப் போடுகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் தோட்டத்தில் காய் பறிக்கிறவள் பேச்சி. அவள் மகள் கனிக்குப் போடி டவுனில் மாப்பிள்ளை அமைந்தது. மேல் ஹாலில் வியாழக்கிழமை முகூர்த்தம். பேச்சி கேட்டு, பரமசிவம் ஐயா பெயரிலேயே அந்தத் தேதி காலண்டரில் ஏறியது. பத்திரிகை அடித்ததும் முதல் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு அவர் கையில்தான் கொடுத்தாள். முன்னால் நின்று தாலி எடுத்துக் கொடுக்க வருகிறேன் என்று சொல்லியிருந்தாராம். அதற்குள் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

பரமசிவம் ஐயாவுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள், கட்டிக்கொடுத்து வெளியூரில் இருந்தார்கள். அதனால் கொள்ளி வைத்தது தம்பியான செயலாளர்தான். இனி அந்த வீட்டில் எது என்றாலும் அவரும் பங்காளிகளும் முடிவு செய்வதுதான். பதினாறாம் நாள் கருமாதியும், கொள்ளி வைத்தவருக்குத் தலைப்பாகை சுற்றுகிற உருமால் கட்டும் மண்டபத்தில் கீழ் ஹாலில் என்று பேசி, காலண்டரிலும் ஏற்றிவிட்டார்கள். பதினாறாம் நாள் அதே வியாழக்கிழமை.

காலண்டரில் தடை இல்லை என்று மேல் ஹாலும் பச்சை, கீழ் ஹாலும் பச்சை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சமர்த்தாக இருந்தன. உடனே கார்த்திக்குப் போன் போட்டேன்.

"கான்ஃப்ளிக்ட் எதுவும் காட்டலையே ஆன்ட்டி. ரெண்டும் வேற வேற ரூம்தானே?"

"ரூம் வேறதான் தம்பி. வாசல் ஒண்ணு."

"வாசலை நான் சேர்க்கலையே" என்றான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வாசலுக்கு ஒரு வரி போட வேண்டும் என்று எனக்கும்தான் தோன்றவில்லை.

செயலாளரிடம் போனேன். மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "பேச்சி மக கல்யாணம்ல? நடக்கட்டும், அதுக்கென்ன. அண்ணன் காரியமும் நல்லபடியா செஞ்சிருவோம்" என்றார். இரண்டும் நடக்கும் என்கிறாரா, இரண்டில் ஒன்றை நான் பக்குவமாக இல்லை என்று சொல்ல வேண்டுமா, எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலண்டரில் பேச்சி மகள் கல்யாணத்தைக் காணோம்.

எனக்குச் சொல்வதற்கு முன்னால் அது மணப்பெண்ணுக்கே சொல்லிவிட்டது. தேதி போடும்போது கனியின் நம்பரையும் சேர்த்திருந்ததால், மலை மேல் அவள் போனுக்கு 'உங்கள் நிகழ்வு நீக்கப்பட்டது' என்று போயிருக்கிறது. பேச்சி காய் பறிக்கிற சேலையோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து ஆபீசில் நின்றாள். கரும்பலகை இருந்த சுவரைப் பார்த்தாள். அங்கே வெறும் ஆணி.

"ராணியக்கா, செவப்புல எழுதியிருப்பியேக்கா, எங்க?"

"போர்டு இல்ல பேச்சி இப்ப. போனுதான்."

"அப்ப போனுல எழுது. நீதான எழுதுவ?"

எனக்கு அனுமதி இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்? இத்தனை வருஷம் மேனேஜர் என்று உட்கார்ந்திருந்தவள், போனை அவள் முன்னால் நீட்டிவிட்டுச் சும்மா நின்றேன். அவமானமாக இருந்தது.

"மாப்ள வீட்டுல ஏற்கனவே எஸ்டேட்டுப் புள்ளயின்னு எளக்காரமாப் பேசுறாகக்கா" என்றாள். "டவுனுல மண்டபத்துல வெக்கிறோம்னு சொன்ன பெறகுதான் சரின்னாக. இப்பப் போயி மண்டபம் இல்லன்னா, வேண்டாம்னுதான் சொல்லுவாக. எம்மகளுக்கு இதோட முடிஞ்சு போகும்க்கா."

"செயலாளர் அய்யாகிட்ட நீ கேளு பேச்சி."

"கருமாதி வீட்டுல போயிக் கல்யாணத்தக் கேக்கவா? அவுக சோத்தத் திங்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள். துக்கம் கேட்கப் பெரியவர் பரமசிவம் ஐயா வீட்டுக்கும் போய்வந்ததாகச் சொன்னாள். பெரியவர் மனைவி தனலட்சுமியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுததோடு சரி, மகள் கல்யாணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஊரில் மற்ற மண்டபங்களையெல்லாம் விசாரித்தேன். நல்ல முகூர்த்த நாள், எங்கும் இடமில்லை. யார் அழித்தது என்று கார்த்தியைக் கேட்டேன். "மாமா அக்கவுண்ட்ல இருந்து போயிருக்கு ஆன்ட்டி. ஆனா மாமா பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்குன்னு அவருக்கே தெரியாது" என்றான். செயலாளர், தான் தொடவில்லை என்று அண்ணன் படத்தைக் காட்டிச் சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. பங்காளிகள் யாரும் வாய் திறக்கவில்லை. யார் அழித்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கருமாதி நெருங்கியபோது பெரியவர் வீட்டு முன் ஹாலில் கூடிப் பேசினார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்கு. பக்கத்து அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே மூலையில் தனலட்சுமியம்மா உட்கார்ந்திருந்தார்கள். பதினாறு முடியும்வரை அந்த அறையை விட்டு வரக் கூடாது. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் அவர் இருந்தபோதும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். "கல்யாணத்தத் திருப்பிப் போட்ருவோம்யா. ரெண்டும் நடக்கட்டும். ஆளுக்கு ஒரு வாசல் பிரிச்சு விட்ருவோம்."

"யாருக்குப் பின்வாசல்?" என்றார் ஒரு பங்காளி.

நான் செயலாளர் பக்கம் திரும்பியும் பங்காளி விடவில்லை.

"எங்க பெரியவரு கருமாதிக்கு வாரவுக சமையக்கட்டு வழியா வரணுமா?"

"அப்ப கல்யாணத்துக்காரங்க..." என்று இழுத்தேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. விறகு இறக்குகிற வாசல் வழியாக ஒரு பெண்ணை மணவறைக்குக் கூட்டிப்போவதா? நேரத்தைப் பிரிக்கலாமா என்றேன். முகூர்த்தமும் காலையில், உருமால் கட்டும் காலையில். கருமாதியைத் தோட்டத்தில் வைக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். இன்னொரு பங்காளி என்னைப் பார்த்து, "நீ மண்டபத்து சோலிய மட்டும் பாரும்மா" என்றார். செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

அப்போதுதான் அங்கிருந்த எல்லார் போனும் ஒரே நேரத்தில் டிங் என்றது. மடியில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று, என் கைப்பையில் ஒன்று. நான்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன்.

'பரமசிவம் ஒரு நிகழ்வை மாற்றினார்.'

கருமாதி, கீழ் ஹால் என்று இருந்த இடத்தில், கருமாதி, தோட்டத்து ஸ்டோர் என்று இருந்தது. மலை மேல் ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை அவர்கள் ஸ்டோர் என்பார்கள். எல்லாரும் போனைப் பார்க்கிறார்கள், படத்தைப் பார்க்கிறார்கள், மறுபடி போனைப் பார்க்கிறார்கள். மறுபடியும் டிங்.

'பரமசிவம் ஒரு நிகழ்வைச் சேர்த்தார். கனி கல்யாணம், மேல் ஹால், வியாழன்.'

"என்னப்பா இது?" என்றார் பின்வாசல் கேட்ட பங்காளி. குரலே மாறிவிட்டது.

செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பாதி சாத்தியிருந்த அந்தக் கதவை ஒரு தரம் பார்த்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நிச்சயமாகச் சொல்ல முடியாது. எழுந்து கைகூப்பி, "அண்ணன் சொல்லிட்டாக. நாம மாத்த முடியுமா?" என்றார். "ஸ்டோர்லயே வெச்சிருவோம். ராணி, பேச்சிட்ட சொல்லிரு."

நிஜமாகவே அண்ணன் சொன்னதாக நம்பினாரா, நம்புவதாகக் காட்டிக்கொண்டாரா, அதுவும் எனக்குத் தெரியாது. உயிரோடு இருப்பவர்களிடமே இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர், இறந்துபோன அண்ணனிடம் எப்படிச் சொல்வார்? அவர் வாயிலிருந்து ஊருக்குக் கொண்டுபோக எனக்குக் கிடைத்த முதல் 'சரி' அது. வழியெல்லாம் அழுதுகொண்டே நடந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் பெண் வீட்டு ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கின. கருமாதிக்காரர்களின் ஜீப்புகள் அதே நேரம் ஏறின. வேறு சாலை ஏது? எங்கள் மலைப் பாதையில் இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி, ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். அன்றைக்கு ஒரு கொண்டை ஊசி வளைவில் கீழேயிருந்து ஏறிய முதல் ஜீப் பாறையோரமாக ஒதுங்கி நின்றுவிட்டது என்று பேச்சி சொன்னாள். உள்ளே செயலாளர். பெண்ணின் கண்ணில் துக்க வீட்டார் படாதபடி ஜீப்பின் படுதாவை இறக்கிவிடச் சொல்லி, பின்னால் வந்த வண்டிகளையும் நிறுத்தச் சொன்னாராம். கனியின் ஜீப் தாண்டிய பிறகுதான் அவர்கள் ஏறினார்கள். வியாழக்கிழமை காலையில் மேல் ஹாலில் தாலி ஏறியது. முன்வாசலில் நான்தான் பன்னீர்ச் சொம்போடு நின்றேன்.

பிறகு கொஞ்ச நாளில் நானும் ஓய்வு பெற்றேன். அன்றுவரை எனக்கு எடிட் வரவில்லை. ஒருநாள் மனசு கேட்காமல் தனலட்சுமியம்மாவைப் பார்க்கப் போனேன். கூடத்தில் காய்ந்த ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பெரியவர் போன், சார்ஜ் வயரோடு.

"அம்மா, அன்னைக்கு மாத்துனது..."

"நாந்தான்" என்றார்கள். ஒளிக்கவில்லை, கையையும் நிறுத்தவில்லை. "அவருக்குக் கண்ணு எங்க தெரிஞ்சது? இந்தக் காலண்டரு வந்த நாள்லயிருந்து அமுக்குனது பூராம் நாந்தான் ராணி. நீ போன் போடுவ, அவரு 'போடு'ம்பாரு, நான் போடுவேன். பேச்சி மக கல்யாணமும் எங்கையால போட்டதுதான்."

இவ்வளவு காலமும் நான் தேதி சொன்னது இவர்களிடம்தானா?

"பேச்சி வந்து எம்பக்கத்துல ஒக்காந்து அழுதா" என்றார்கள். "அவரு போனதுக்கு அழுகுறாளா, மகளுக்கு அழுகுறாளான்னு எனக்குத் தெரியாதா? முன்னால ஒக்காந்து எல்லாரும் பேசுறாக. எம்புருசன் கருமாதி, எந்த வாசல்ன்றாக, எந்த ஹாலுன்றாக. எங்கிட்ட ஒரு வார்த்தை கேப்பாகன்னு இருந்தேன்."

"பயமா இல்லையாம்மா?"

"பயந்தான். மாத்தி எழுதிட்டேன், சேத்துட்டேன். அப்பறம் அது கேக்கும்ல, 'சேமிக்கவா? ஆம், இல்லை'ன்னு. எப்பயும் அது கேட்டா நான் அவரு மொகத்தப் பாப்பேன். அவரு தலைய ஆட்டுவாரு, அமுக்குவேன். அன்னைக்கு நிமிந்து பாக்குறேன், ஆளு இல்ல." ஒரு காயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தட்டில் போட்டார்கள். "அப்பத்தான் தோணுச்சு, அது என்னையத்தான் கேக்குதுன்னு. இந்த வீட்டுக்கு வந்ததுலயிருந்து என்னையக் கேட்டது அது ஒண்ணுதான் ராணி. ஆமுன்னு அமுக்கிட்டேன்."

கொஞ்ச நேரம் அவர்களோடு உட்கார்ந்து ஏலக்காய் பிரித்தேன். நான் பிரித்ததையெல்லாம் அவர்கள் மறுபடி பிரித்தார்கள். இடையில் போன் ஒரு தரம் டிங் என்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "கீழ் ஹாலுல கண்ணு முகாம், ரெண்டு நாள் போட்டுருக்காக, ஒரு நாள்தான்" என்று சொல்லித் திருத்திவிட்டு வைத்தார்கள்.

திவ்யாவுக்கு இப்போதுதான் பதில் அனுப்பினேன். யாருக்கு எழுத அனுமதி, யாருக்குப் பார்க்க மட்டும் அனுமதி என்பதெல்லாம் எனக்குக் கடைசிவரை புரியவில்லையம்மா, நீயே பார்த்துச் செய். பந்தல்காரரை முதலில் எடுத்துவிடு. பரமசிவம் என்ற பெயரை மட்டும் தொடாதே. அந்தப் பெயரில் ஆள் இருக்கிறது.